ஆறும் ஏரும் – 9: சேயாற்று நீரின் கணக்கு

நைல், யூப்ரடீஸ், சிந்து என்று இதுவரை பெரிய ஆறுகளின் கரையோரமாகவே வந்துகொண்டிருந்தோம். நைல் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் பெருகி, வயலெல்லாம் வண்டலைப் பரப்பிவிட்டு வடிந்துபோனது. சிந்துவெளிக் காலிபங்கனில் மண்ணுக்கடியில் கிடைத்த உழுத வயலைச் சென்ற பகுதியில் பார்த்தோம். கி.மு. 2800 வாக்கில் நெடுக்கும் குறுக்குமாக ஓட்டிய ஏர்ச்சால்கள் அவை. ஒரு திசையில் நெருக்கமாகவும் மறு திசையில் அகலமாகவும் இருந்தன. ஒரே வயலில் பயறும் கடுகும் சேர்த்து விதைக்க அந்தப் பக்கத்து உழவர்கள் நம் காலத்திலும் அப்படித்தான் உழுதுகொண்டிருந்தார்கள்.

இந்தப் பகுதியில் நம் ஊருக்கு வருவோம். வந்தவாசி வட்டாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய ஆறு இல்லை. மேற்கே சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு செங்கம், போளூர் பக்கமாக இறங்கி, திருவத்திபுரத்தைத் தொட்டுக்கொண்டு வடகிழக்கே போகிறது. ஆரணிப் பக்கமிருந்து கமண்டல நாகநதி வந்து அதில் சேர்கிறது. வாலாஜாபாத்துக்கு அருகே திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் பாலாற்றில் கலக்கின்றன. எல்லாமே மணல் ஆறுகள். மலையில் மழை கொட்டினால் இரு கரையும் புரளும். பத்து நாள் கழித்துப் போனால் மாட்டு வண்டி இறங்கிப் போகும்.

இப்படிப்பட்ட ஆறுகளை வைத்துக்கொண்டுதான் இந்த நிலத்தில் நெல் விளைந்தது. காஞ்சி என்ற தலைநகரம் பல நூறு ஆண்டுகள் அந்தச் சோற்றில் வாழ்ந்தது. 7ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டின் மண் வளமானது, ஒழுங்காகப் பயிரிடப்படுவது, தானியமும் பூவும் கனியும் அங்கே மிகுதி என்று எழுதிவைத்தார். சில வாரமே ஓடும் ஆற்றைக் கொண்டு ஆண்டு முழுவதும் பயிர் வளர்த்தவர்கள் யார், அவர்களுடைய வரவு செலவு எப்படி நடந்தது என்பதே இந்தப் பகுதியின் செய்தி.

சங்க நூல்களிலிருந்து தொடங்கலாம். செய்யாற்றின் பழைய பெயர் சேயாறு. பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் இந்த ஆற்றங்கரை நாட்டைப் பற்றியதுதான். பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவில் இருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய பாட்டு அது. செங்கண்மாதான் இன்றைய செங்கம். பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் சாக்கில், போகிற வழியில் என்னென்ன விளைந்து நிற்கிறது என்பதைப் புலவர் வரிசையாகக் காட்டிக்கொண்டே போகிறார். எள், தினை, அவரை, வரகு, வெண்கடுகு, இஞ்சி, கவலைக் கிழங்கு, வாழை, ஆலைக்குப் போகக் காத்திருக்கும் கரும்பு. வயல் அளந்து எழுதிய கணக்கு இல்லைதான். ஆனால் வேளாண்மை வரலாறு எழுதுபவனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. மேட்டு நிலத்தில் மானாவாரி, பள்ளத்தில் நன்செய், இரண்டும் ஒரே ஆட்சிக்குள் அடுத்தடுத்து இருந்தன என்பது அந்தப் பட்டியலிலிருந்தே தெரிந்துவிடுகிறது. இன்றைக்கும் தெள்ளாறு, தேசூர்ப் பக்கம் போனால் ஏரிக்குக் கீழே நெல்லும் ஏரிக்கு மேலே மானாவாரிக் கொல்லையும் இருக்கின்றன. கொல்லையில் வரகும் எள்ளும் இருந்த இடத்தை 19ஆம் நூற்றாண்டில் வேர்க்கடலை பிடித்துக்கொண்டது என்பதுதான் பெரிய மாறுதல்.

காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை வணிகத்தைக் காட்டுகிறது. உப்பு வணிகரான உமணர்களின் வண்டிகள் சாரை சாரையாகப் போகின்றன. மிளகு மூட்டை ஏற்றிய கழுதைகள் சுங்கச் சாலை வழியாக வருகின்றன. சாலையில் வில்லேந்திய காவல் இருக்கிறது. கடற்கரைப் பட்டினத்தில் கலங்கரை விளக்கம் எரிகிறது. உப்பு உள்நாட்டுக்குப் போக, நெல் கடற்கரைக்கு வந்தது. காசு அதிகம் புழங்காத ஊர்களில்கூட இந்தப் பண்டமாற்று நிற்கவில்லை.

நெல்லுக்கு முன்னால் இந்த நாட்டின் பெரிய சொத்து மாடு. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அவற்றில் மிகப் பல, மாட்டுத் தொறுவைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ இறந்தவனுக்கு வைத்த கற்கள். எடுத்தனூர்க் கல்லை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். அவனோடு நின்ற கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்தது என்று கல்லில் பெயரோடு வெட்டி, நாயின் உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு மந்தை போனால் பாலும் நெய்யும் மட்டும் போவதில்லை. உழவு போகும், எரு போகும், அடுத்த ஆண்டு விளைச்சலே போய்விடும். ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகள் நின்றதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

அதே மகேந்திரவர்மன் காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வந்தவாசிக்குத் தெற்கே சீயமங்கலத்தில் அவன் குடைந்த கோயில் அவனிபாஜன பல்லவேசுவரம். காஞ்சிபுரம் சாலையில் தூசிக்கு அருகே மாமண்டூரில் நான்கு குடைவரைகள் இருக்கின்றன. அங்குள்ள ஏரி கல்வெட்டில் சித்திரமேகத் தடாகம். அரக்கோணம் பக்கத்து மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம் இருக்கிறது. நம் பாடநூல்கள் பல்லவர்களைப் பாறை குடைந்தவர்களாக மட்டுமே காட்டிவிட்டன. பாறை பக்கத்திலேயே ஏரி இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. குடைவரையைப் பார்க்க வருகிறவர்கள் ஏரிக்கரை மேல் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காலடியில் இருப்பது அதைவிடப் பெரிய வேலை என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், மாமண்டூரின் முதன்மையான பல்லவச் சின்னம் அந்த ஏரிதான்.

இடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள். குன்றுகளுக்கு நடுவே உள்ள தாழ்வான வாயைக் கரை போட்டு அடைத்தால், பாதிச் சுவரை மலையே கொடுத்துவிடுகிறது. ஆற்றில் வெள்ளம் வரும் சில நாள்களுக்குள் நீரை வாங்கிக்கொள்ளப் பாலாற்றிலிருந்து கால் வெட்டுகிறார்கள். ஏரி நிறைந்ததும் மிச்ச நீர் கோடி வழியாக வெளியேறி அடுத்த ஊர் ஏரிக்குப் போகிறது. அது நிறைந்து அதற்கடுத்த ஊருக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வெள்ளத்தைச் சங்கிலியாக ஊர் ஊராகப் பிடித்து வைத்தால் சம்பா கரையேறும். மிச்சம் இருந்தால் தை, மாசியில் நவரை. கோடையில் மணல் ஆற்றின் அடியில் ஓடும் ஊற்றை நம்ப வேண்டியதுதான். ஆற்று மணலில் நீளமாக ஊற்றுக்கால் வெட்டி, கசியும் நீரை வயல் பக்கம் திருப்புவது பாலாறு, செய்யாறு இரண்டிலும் வழிவழியாக வந்த வேலை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அந்தக் கால் தூர்ந்துபோகும். ஒவ்வொரு ஆண்டும் ஊர் கூடி மறுபடியும் வெட்ட வேண்டும்.

ஏரியிலிருந்து வயலுக்கு நீர் இறங்கும் இடம்தான் இந்தத் தொழிலின் உயிர்நிலை. பழைய ஏரிகளில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குறுக்கே துளையிட்ட கல்விட்டங்கள் இருக்கும். அதன் பெயர் குமிழித் தூம்பு. தூண்களுக்கு நேர் கீழே, ஏரியின் தரையில் ஒரு கல்தொட்டி புதைந்திருக்கிறது. தொட்டியின் மூடுகல்லில் ஒரு வட்டத் துளை. அது நீரோடித் துளை. அதில் பொருந்தும் அடைப்பான் ஒரு நீண்ட கழியின் நுனியில் இருக்கும். கழி, விட்டங்களின் துளை வழியாக நேராக மேலே வரும். கழியை உயர்த்தினால் துளை திறந்து, நீர் தொட்டிக்குள் விழுந்து, கரைக்கு அடியில் கட்டிய கால் வழியாக மறுபுறம் எழும். தொட்டியின் பக்கங்களில் தரையை ஒட்டிச் சிறு துளைகள் உண்டு. அவை சேறோடித் துளைகள். நீர் இழுக்கும் வேகத்தில் அடிச்சேறும் சேர்ந்து வயலுக்குப் போய்விடும். ஏரியில் வண்டல் சேர்வது குறைகிறது, வயலுக்கு உரமும் கிடைக்கிறது. கரையிலேயே ஓட்டை போட்டுக் கதவு வைத்திருந்தால் நீர் கரையை அரித்திருக்கும். அதைத் தவிர்க்கத்தான் துளையை ஏரிக்குள் கொண்டுபோனார்கள். ஏரி நிறைந்திருக்கும்போது கழியைத் தூக்க ஒருவர் நீந்திப் போக வேண்டும். அடைப்பான் சிக்கிக்கொண்டால் மூழ்கிப் போக வேண்டும். அந்த மனிதரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஏரி வெட்டியதோடு வேலை முடிவதில்லை. நீர் யாருக்கு என்ற வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. இதற்கு நமக்குக் கிடைத்துள்ள நல்ல ஆவணங்கள் இரண்டு செப்பேடுகள்.

முதலாவது, காஞ்சிக்கு அருகே கூரத்தில் கிடைத்தது. முதலாம் பரமேசுவரவர்மன் (சுமார் 670–700) கொடுத்தது. பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவர வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலையும் அது சொல்கிறது. கொடுத்த ஊரை 25 பங்காகப் பிரித்து, 20 பங்கு வேதம் கற்ற பிராமணர்களுக்கு ஒதுக்குகிறார்கள். மீதியில் ஒரு பங்கு மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைப்பவருக்கு, ஒரு பங்கு பாரதம் படிப்பவருக்கு. ஊரில் உள்ள செக்கு, தறி, கடை, தரகு முதலியவற்றின் வருமானமும் பங்குக்குள் வருகிறது.

இரண்டாவது, காரைக்கால் அருகே காசாக்குடியில் கிடைத்த செப்பேடு. நந்திவர்மப் பல்லவமல்லனின் 22ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 753ஐ ஒட்டியது. கிடைத்தது சோழநாட்டுக் கடற்கரையில் என்றாலும் பேசுவது நம் பக்கத்து நீரைப் பற்றி. ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்ற ஊரை ஒரு சோமயாஜிக்குக் கொடுக்கிறான் அரசன். ஊற்றுக்காடு வாலாஜாபாத்துக்கு அருகே இன்றும் இருக்கிறது. ஓலை வந்ததும் நாட்டார் அதைத் தொழுது தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஊரெல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டுகிறார்கள். காகிதமும் அளவைப் படமும் இல்லாத காலத்தில் ஊரே நடந்து பார்த்ததுதான் பத்திரம்.

அடுத்து நீருரிமை வருகிறது. சேயாறு, வெஃகா எனப்பட்ட வேகவதி, திரையன் ஏரி என்ற தென்னேரி ஆகியவற்றிலிருந்து இந்த ஊருக்குக் கால் வெட்டிக்கொள்ளலாம். மூன்று இடத்திலிருந்து ஓர் ஊருக்கு உரிமை. ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று இருக்கிறது. அப்படி வெட்டிய காலில் குறுக்கே அடைத்தோ, கிளை வெட்டியோ, கூடையால் இறைத்தோ, சிறிய ஏற்றம் வைத்தோ யாராவது நீர் எடுத்தால் அரசனுக்குத் தண்டம் கட்ட வேண்டும். திருட்டின் வகைகளை இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருப்பதைப் பார்த்தால், ஒவ்வொன்றும் நடந்து, வழக்காகி, தீர்ப்பாகி, பிறகுதான் செப்பேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கால்மாட்டில் இருப்பவன் தலைமாட்டில் இருப்பவன் மேல் சொல்லும் புகார் நம் ஊர்களில் இன்னும் தீரவில்லை.

காசாக்குடிச் செப்பேட்டின் பொன்னான பகுதி அதன் வரிப்பட்டியல். இந்த ஊர் இன்னின்ன வரிகளைக் கட்ட வேண்டியதில்லை என்று அது வரிசையாகச் சொல்கிறது. விலக்குக் கொடுத்த பட்டியல் என்பதால் மற்ற ஊர்கள் அவற்றையெல்லாம் கட்டிக்கொண்டிருந்தன என்பது வெளிப்படை. செக்குக்கு வரி, தறிக்கு வரி, குயவருக்குக் குசக்காணம், நெய்விலை, துணியின் பேரில் புட்டகவிலை, மந்தையில் நல்ல பசுவும் நல்ல எருதும், கதிரில் ஒரு பங்கு, பருத்தி நூலில் ஒரு பங்கு. குவளை நடுவதற்கு ஒரு வரி, பூத்த பின் குவளைக்காணம் என்று இன்னொன்று. நீர்நிலையில் பூக்கும் பூவையும் அரசு விட்டுவைக்கவில்லை. பூவை வாங்க ஆள் இருந்தது, கோயிலும் நகரமும் இருந்தன, அதனால் வரியும் வந்தது. நெல்லைத் தவிர எதுவும் தெரியாத ஊர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடங்களில் இத்தனை தொழில் நடந்திருக்கிறது.

தறி அந்தப் பட்டியலில் இருப்பதை ஆரணிக்காரர்கள் பெருமையோடு கவனிக்கலாம். இன்று நம் பக்கத்துத் தறிகளில் ஓடுவது பட்டு. பல்லவர் காலத்து ஊர்த் தறியில் ஓடியது பெரும்பாலும் பருத்தி. மானாவாரிக் கொல்லையில் விளைந்த பஞ்சு ஊரிலேயே நூலாகி, ஊரிலேயே துணியாகியிருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் காஞ்சியின் நெசவாளர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதை உத்தம சோழனின் செப்பேடு காட்டுகிறது. ஊரகம் பெருமாள் கோயிலுக்கு வந்த பொன்னை வட்டிக்கு வாங்கிக்கொண்டவர்களும், கோயில் காரியத்தைப் பார்த்துக்கொண்டவர்களும் காஞ்சியின் நெசவுச் சேரியினர். எடைக்கும் அளவைக்கும் வாங்கிய கூலி கோயிலுக்கு வருமானமாகப் போனது. ஒரு நகரத்தின் பொன்னை நம்பிக் கொடுக்கும் அளவுக்குத் தறிக்காரர்கள் மதிப்போடு இருந்தார்கள்.

அந்தக் காலத்து முதலீடு எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க வேண்டுமானால் 96 ஆடு விட வேண்டும். இடையர் அவற்றை மேய்த்து நாள்தோறும் உழக்கு நெய் அளப்பார். ஆடு பெருகிக்கொண்டே இருக்கும், விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்றே பெயர். இரண்டாவது, பொன். சபையிடம் கழஞ்சுக் கணக்கில் பொன் வைத்தால் ஆண்டு வட்டி வரும். கழஞ்சுக்கு மூன்று மஞ்சாடி என்ற விகிதம் பல கல்வெட்டுகளில் இருக்கிறது. ஒரு கழஞ்சு 20 மஞ்சாடி என்பதால் இது 15 விழுக்காடு. அந்த வட்டியை அடைக்கும் நெல்லும் ஏரிக்குக் கீழேதான் விளைந்தாக வேண்டும்.

ஏரி பராமரிப்புக்கு நிரந்தரமாக ஒரு வழி செய்திருந்தார்கள். வந்தவாசிக்குக் கிழக்கே உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள வயிரமேகத் தடாகம் தந்திவர்மன் (சுமார் 796–846) காலத்து ஏரி. தண்டத் தொகையும் பொன் அறக்கட்டளைகளும் ஏரிக்குப் போயின. ஏரிக்குள் ஓடம் விட்டு வண்டல் வாரிக் கரையில் போடுவதற்கென்றே தனியாகக் கொடை கொடுத்திருக்கிறார்கள். நிலத்தில் ஏரிப்பட்டி என்று ஒரு பகுதியை ஒதுக்கி, அதன் விளைச்சலைப் பராமரிப்புக்கு வைத்தார்கள். ஏரி ஆயம் என்ற வருமானம் தனி. தூர் வாரும் பணம் மேலிடத்திலிருந்து வரட்டும் என்று காத்திருக்கும் நிலையே இல்லை; ஏரியின் செலவுக்கான பணம் ஏரிக்குக் கீழேயே இருந்தது.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 30 குடும்பு, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு என்ற தகுதிகளைப் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். அந்த ஓலைகளில் பெயர் எழுதித் தேர்ந்தெடுத்தது யாரை என்பதைத்தான் வேகமாகக் கடந்துவிடுகிறோம். சம்வத்சர வாரியம் 12 பேர், தோட்ட வாரியம் 12 பேர், ஏரி வாரியம் 6 பேர். 360 நாள் பதவி. பதவியில் இருந்தபோது கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் பிறகு நிற்கவே முடியாது. பொன்னுக்கு உரை பார்க்கத் தனி வாரியம் இருந்தது. ஏரி, தோட்டம், பொன்: ஓர் ஊரின் பொருளாதாரம் இந்த மூன்றில் அடங்கிவிட்டது. தேர்தல் முறை எவ்வளவு புகழுக்கு உரியதோ, அவ்வளவு புகழுக்கு உரியது கணக்குக் கேட்ட அந்த ஒரு விதி.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு சுமை மனத்தில் இருக்கிறது. அந்தத் தேர்தலில் நிலம் இல்லாதவருக்கும் பெண்களுக்கும் இடமில்லை. பிரமதேயம் கொடுத்தபோது முன்பு அந்த ஊரை அனுபவித்துவந்தவர்களை மாற்றியே கொடுத்திருக்கிறார்கள். செப்பேடுகளே அதைச் சொல்கின்றன. அவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்வதில்லை. நட்டவர், களை பறித்தவர், கூடையில் மண் சுமந்து கரை போட்டவர் யாருடைய பெயரும் செம்பில் ஏறவில்லை. விலக்குப் பட்டியலைப் படித்து ஊரின் தொழில்களைக் கண்டுபிடித்தது போலத்தான் அவர்களையும் தேட வேண்டியிருக்கிறது. உரிமைகளைப் பற்றிப் பேசும் வரிகளுக்கு நடுவே அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. பல்லவர் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. நீரைக் கையாண்டதில் அவர்களை மிஞ்சியவர்கள் இந்த வட்டாரத்தில் பிறகு வரவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அதற்கு வெள்ளையர் ஆட்சியே சாட்சி. தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீர் ஊர்களை அளந்தபோது, களத்தில் நெல் குவித்தவுடன், அரசுக்கும் குடிக்கும் பிரிக்கும் முன்னாலேயே பொதுவில் மேரை அளந்து கொடுக்கும் வழக்கத்தைக் கண்டார். தச்சர், கொல்லர், வண்ணார், நீர் பாய்ச்சும் கம்புகட்டி என்று ஒவ்வொருவருக்கும் பங்கு இருந்தது. கோயிலுக்கும் ஏரிக்கும்கூடக் குவியலில் பங்கு வைத்திருந்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏரிப்பட்டியின் வழிமுறை வேறு பெயரில் அதுவரை பிழைத்திருந்தது. பிறகு வரி பணமாகி, அரசின் பங்கு முதலில் போக வேண்டும் என்றானபோது ஏரியின் பங்கு தேய்ந்துபோனது. ஏரிகள் கெட்டதற்கு வறட்சியையும் சோம்பலையும் காரணம் சொல்வது எளிது. என் கணிப்பில் முதல் காரணம், களத்துக் குவியலிலிருந்து ஏரியின் பங்கை எடுத்துவிட்டதுதான்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டுக் கட்டினார்கள். அங்கிருந்து பிரியும் நான்கு கால்வாய்கள்: மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி. இவற்றில் மகேந்திரவாடிக் கால்வாய் போய்ச் சேர்வது மகேந்திர தடாகத்துக்கு. தூசிக் கால்வாய் சித்திரமேகத் தடாகத்துக்கு. புதிய பொறியியல் வந்து செய்ததெல்லாம் பழைய ஏரிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான். வேறு இடம் தேட அவர்களுக்கு அவசியம் ஏற்படவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோதும், பிடித்து வைக்க நமக்கு இருந்தவை அதே ஏரிகள்தாம்.

இப்போது செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கரையை உயர்த்துகிறோம், மதகுக்கு வண்ணம் பூசுகிறோம், தூர் வாருகிறோம். வரத்துக்காலை மறந்துவிடுகிறோம். கால் தூர்ந்தோ, வீட்டுமனையாகியோ போனால் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் ஏரிக்கு நீர் வராது. கோடைமழைத் தண்ணீர் ஒரு மூலையில் நிற்கும், அவ்வளவுதான். வந்தவாசி, செய்யாறு, ஆரணி வட்டாரங்களில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரிக்கு எந்த ஆற்றிலிருந்து, எந்தெந்த ஊர் வழியாகக் கால் வந்தது, கோடி போனால் அடுத்து எந்த ஏரிக்கு நீர் போனது, ஊற்றுக்கால் எங்கே வெட்டினார்கள், கம்புகட்டிக்கு என்ன அளந்தார்கள் என்று வயதில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் அந்தக் கால் வழியே ஒருமுறை நடந்து பாருங்கள். எழுதியதை இந்த இதழுக்கும் அனுப்புங்கள். செப்பேட்டில் ஏறாத பெயர்கள் அந்தப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

அடுத்த பகுதியில் திருமுக்கூடல். வீரராசேந்திரன் காலத்தில் அங்கே ஒரு மருத்துவமனையும் பள்ளியும் எந்த ஊர்களின் நெல்லில் நடந்தன என்று பார்ப்போம்.

(தொடரும்)